பூ முகம் காட்டும் திசை

என் அண்ணன் ஈசாக்கை ஆகஸ்டு இருபத்தாறாம் தேதி அடக்கம் செய்தோம். செப்டம்பர் நான்காம் தேதி அவன் மனைவி ஹெஸ்டர் மலைப்பாதை வேலைக்குத் திரும்பிவிட்டாள். ஊரில் சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால் கமீஸ்பெர்க் மலையில் பூக்காலம் என்பது ஆறேழு வாரம்தான். அதற்குள் கேப்டவுனிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் ஆட்கள் வந்து குவிவார்கள். பாதையில் கூட்டிப்போக எங்கள் ஊர்க் கமிட்டிக்கு ஹெஸ்டரை விட்டால் வேறு ஆள் கிடையாது.

நான் அந்தப் பாதையின் வாசலில் இருக்கிற தகரக் கூரை அறையில் உட்கார்ந்திருப்பவள். வருகிறவர்களின் பெயரை நோட்டில் எழுத வைப்பேன், டிக்கெட் கிழிப்பேன், ரூய்போஸ் டீ போடுவேன், கரித் தணலில் ரொட்டி சுடுவேன். பதினோரு வருடமாக மதினியும் நானும் சேர்ந்துதான் இந்த வேலையைப் பார்க்கிறோம். அதனால் அவள் எப்படி இருந்தாள், எப்படி ஆனாள் என்பதை என்னைவிடக் கிட்டத்தில் பார்த்தவர்கள் யாரும் இல்லை.

முன்னால் அவள் வாயாடி. மலைமேல் ஆட்டுக் கிடையில் பிறந்து வளர்ந்தவள். ஆடு எதைத் தின்னும், எதைத் தின்றால் வயிறு ஊதிச் சாகும் என்பதிலிருந்துதான் செடிகளின் பெயரைக் கற்றுக்கொண்டாள். ஆராய்ச்சிக்கு வந்த ஒருவர் அவளுக்கு லத்தீன் பெயர்கள் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை அடுப்புப் பற்றவைக்க எடுத்துக்கொண்டாள். "வான்கோழிக்குஞ்சுன்னு சொன்னா அது திரும்பிப் பாக்கும், லத்தீன்ல கூப்பிட்டா யாரு பாப்பா?" என்பாள். அந்தப் பூவுக்குக் கொண்டை மாதிரிச் சிவப்பு இதழ் உண்டு. அதனால் எங்கள் பாஷையில் அதற்கு அந்தப் பெயர்.

பாதையை விட்டு இறங்கிப் படமெடுப்பவர்களை அவள் விடமாட்டாள். ஒரு தடவை தாட்டியான ஒரு மனிதர் கைநிறையப் புளிச்சைப்பூவைப் பறித்துவிட்டார். "பறிச்சாச்சுல்ல? இனி தின்னுதான் ஆகணும், இங்க அதுதான் சட்டம்" என்று முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொன்னாள். அவரும் காம்பு காம்பாகக் கடித்து, புளிப்பில் கண்ணைச் சுருக்கிக்கொண்டே மலை ஏறினார். அடுத்த வருடம் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

வந்தவர்களுக்கெல்லாம் வாசலிலேயே ஒன்று சொல்லி வைப்பாள். எங்களுக்குச் சூரியன் வடக்குப் பக்கமாக நின்று போகும். பூ வெயிலைப் பார்த்துத்தான் விரியும். பாதை தெற்கு நோக்கி ஏறுகிறது. ஆகவே, "ஏறும்போது முகத்தப் பாத்துக்கங்க. இறங்கும்போது முதுகுதான் கெடைக்கும். அப்புறம் எங்கிட்ட சண்டைக்கு வரக்கூடாது."

ஈசாக் இறந்த பிறகும் இதே வாக்கியங்களைத்தான் சொன்னாள். ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொன்னாள். ரேடியோவில் வானிலை வாசிப்பது போல இருக்கும். வந்தவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. பார்வையாளர் புத்தகத்தில் ஒரு பெண், "இந்த வழிகாட்டியின் அமைதி இந்த மலையின் அமைதி" என்று எழுதி வைத்துவிட்டுப் போனாள். நான் அதை மதினிக்கு வாசித்துக் காட்டினேன். "சரி" என்றாள்.

அவள் அழவில்லை. அடக்கத்தின்போது போதகர் பேசிக்கொண்டிருக்க, அவள் குழியின் விளிம்பில் ஊர்ந்த எறும்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிடு என்றால் சாப்பிட்டாள். படு என்றால் படுத்தாள். ஒருநாள் நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தபோது ரொட்டி சுடும் கம்பியை வெறும் கையால் தூக்கி ஓரமாக வைத்தாள். மறுநாள் உள்ளங்கையில் கொப்புளம் பெரிதாக நிற்கிறது.

"ஐயோ மதினி, இது என்ன?"

"என்னது?" என்று கையைத் திருப்பிப் பார்த்தாள். "ஓ. அதுவா. தெரியல புள்ள."

ஈசாக் எப்படிச் செத்தான் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கழுதை கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது. அதைத் தேடி சைக்கிளை எடுத்துக்கொண்டு பள்ளத்து மண்சாலையில் போனான். காலை பதினொன்றரை மணி. வெயில் நன்றாக அடித்த நாள். பூப்பார்க்க வந்த ஒரு கார் அவனைப் பின்னாலிருந்து அடித்துத் தூக்கிப் போட்டது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கழுதை சாயங்காலம் தானாக வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

அடுத்த மே மாதம் கோர்ட்டில் வழக்கு வந்தது. நாங்கள் இரண்டு பேரும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். காரை ஓட்டியவர் அறுபது வயதைத் தாண்டிய வெள்ளைக்காரர். பெயர் ட வொஸ். "வெயில் நேராக் கண்ணுல அடிச்சது. ஆள் இருந்ததே தெரியல" என்றார். பக்கத்தில் அவர் மனைவி மடியில் தொப்பியை வைத்து, அதன் விளிம்பை விரலால் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவே இல்லை. அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எங்களையும் கேட்கவில்லை. இரண்டு வருடம் அவர் கார் ஓட்டக்கூடாது என்றார்கள். சிறைத்தண்டனையைச் சொல்லி, அதையும் நிறுத்தி வைத்தார்கள். திரும்பி வரும்போது வண்டியில் நான் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். மதினி ஜன்னலுக்கு வெளியே பார்த்து, "மழை வருது. ஆட்டுக்குட்டிக எல்லாம் வெளிய நிக்கும்" என்றாள்.

இந்த வருடம் மழை தாராளமாகப் பெய்தது. செப்டம்பர் இரண்டாவது வாரத்தில் மலை முழுக்கப் பூ. ஒரு செவ்வாய்க்கிழமை மட்டும் காலையில் கடுமையான மூடுபனி. அப்படிப்பட்ட நாளில் பூ விரியாது, ஆளும் வராது. நான் கதவைச் சாத்தலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது ஒரு சிறிய கார் வந்து நின்றது. ஒரு பெண்மணி தனியாக இறங்கினாள். நோட்டை நீட்டினேன். எல்சபே ட வொஸ் என்று எழுதினாள்.

நான் அந்தப் பெயரை இன்னொரு தடவை வாசித்தேன். முகத்தைப் பார்த்தேன். கோர்ட்டில் பார்த்ததைவிட மெலிந்திருந்தாள். ஆனால் அதே தொப்பி.

பின்பக்கம் விறகு எடுத்துக்கொண்டிருந்த மதினியிடம் ஓடினேன்.

"மதினி, அவ வந்திருக்கா. அந்தக் கார்க்காரன் பொண்டாட்டி. டிக்கெட் கிடையாதுன்னு சொல்லிடவா? பனின்னு சொல்லித் தொரத்திடுறேன்."

"ஒரு ஆளா?"

"என்ன கேக்குற நீ? யாருன்னு காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு. ஒரு ஆளுன்னா ஒரு டிக்கெட்டு கிழி. நான் தண்ணி பாட்டில எடுத்துட்டு வரேன்."

"உனக்கு ரத்தமே கொதிக்கலையா மதினி?"

அவள் கொஞ்சம் நின்று, உண்மையாகவே யோசித்துப் பார்த்தாள். "இல்ல சன்னா" என்றாள். விறகை இறக்கி வைத்துவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

மலைமேல் நடந்ததை எல்லாம் மதினி எனக்கு ஒரே நாளில் சொல்லவில்லை. கோழியை உரிக்கும்போது ஒரு துண்டு, ஆட்டுப்பால் கறக்கும்போது ஒரு துண்டு என்று வந்தது. நான் சேர்த்துச் சொல்கிறேன்.

முதல் ஒரு மணி நேரம் ஏற்றம்தான். பத்தடிக்கு மேல் எதுவும் தெரியாத பனி. பாதையின் இரண்டு பக்கமும் பூக்கள் மூடி, இதழ்களைத் திருகிக்கொண்டு, தலை கவிழ்ந்து நின்றன. மதினி முன்னால் நடந்தபடி வழக்கம்போலப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனாள். இது வெண்ணெய்ப்பூ. இது குட்டிக்குரங்கு, குரங்குக இதோட கிழங்கத் தோண்டித் தின்னும். இது நீலச்சணல். அந்தப் பெண்மணி எதையும் திரும்பிப் பார்க்கவில்லை. கேமரா இல்லை. தன் ஷூவை மட்டும் பார்த்து நடந்தாள்.

இரண்டாவது மைல்கல்லுக்கு மேலே ஒரு தட்டைப் பாறை இருக்கிறது. எல்லாரும் அங்கே உட்கார்ந்துதான் மூச்சு வாங்குவார்கள். அங்கே போகும்போது பத்தரை மணி இருக்கும். பனி கிழிந்து விலக ஆரம்பித்தது. வெயில் முதலில் பாறையில் விழுந்தது, பிறகு சரிவில் இறங்கியது. விழுந்த இடத்திலெல்லாம் பூக்கள் திறந்தன. ஒன்று, பிறகு பத்து, பிறகு எண்ண முடியாத அளவு. மஞ்சள், வெள்ளை, ஊதா, கண் கூசுகிற ரோஜா நிறம். பதினோரு வருடம் பார்த்த எனக்கே அதைப் பார்க்கும்போது வாய் மூடாது. மதினி தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள்.

அந்தப் பெண்மணி வாங்கவில்லை. "நான் யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்மா. வாசல்லயே தெரியும்."

"தெரிஞ்சுமா கூட்டிட்டு வந்தீங்க?"

"டிக்கெட் வாங்கியிருக்கீங்களே."

எல்சபே அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. தொப்பியைக் கழற்றினாள். கோர்ட்டில் செய்தது போலவே அதன் விளிம்பைத் தடவினாள். பிறகு படபடவென்று சொன்னாள். "அவர் சொன்னது பொய். வெயில் கண்ணுல அடிக்கல. நாந்தான் கத்தினேன். 'அங்க பாருங்க, அங்க பாருங்க, எவ்ளோ அழகு'ன்னு கத்திட்டே அவரு தோளப் பிடிச்சு உலுக்கினேன். அவரு திரும்பினாரு. அவ்வளவுதான். அன்னிலேர்ந்து அவரு வெயில்னே சொல்லிட்டு இருக்காரு. வீட்ல எங்கிட்டயே அப்படித்தான் சொல்றாரு. நானும் கோர்ட்ல வாய மூடிட்டு உக்காந்திருந்தேன்."

"வெயில் இல்லைன்னு எங்க ஊர்ல எல்லாருக்கும் தெரியும்மா" என்றாள் மதினி.

"எப்படி?"

"கார் தெக்கே போச்சு. அந்த நேரத்துல வெயில் உங்க முதுகுக்குப் பின்னாடி. அது எப்படிக் கண்ணுல அடிக்கும்? தெக்கே போறவங்களுக்குத்தான் பூ முகம் காட்டும். வடக்கே போயிருந்தீங்கன்னா உங்களுக்குப் பாக்குறதுக்கு ஒண்ணுமே இருந்திருக்காது."

"அப்ப ஏன் கோர்ட்ல சொல்லல?"

"யாரும் கேக்கலயே."

இதை எனக்குச் சொன்னபோது மதினி கோழியின் இறக்கையைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். நான் கேட்டேன், "அப்ப உனக்கு என்ன தோணுச்சு மதினி? உண்மையச் சொல்லு."

"ஏதாச்சும் வரும்னு காத்துக்கிட்டிருந்தேன். கோவமோ, என்னமோ. அந்தப் பொம்பளையும் அதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்துச்சு, எனக்குத் தெரியுது. ரெண்டு பேரும் உக்காந்து காத்துக்கிட்டிருந்தோம். வரல. என் செருப்புல ஒரு முள்ளு ஏறியிருந்துச்சு. அதத்தான் பாத்துட்டு இருந்தேன்."

பிறகு மதினி ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். "நீங்க காட்டுனது எந்தப் பூ?"

"பேரு தெரியாது. ஆரஞ்சு. ஒரு சரிவு முழுக்க. தீ மாதிரி."

மதினி எழுந்து அவளைப் பாறையின் மறுபக்கம் கூட்டிப்போனாள். அங்கிருந்து பார்த்தால் பள்ளத்துச் சாலை தெரியும். பனி நன்றாக விலகியிருந்தது. சாலையின் வலதுபக்கச் சரிவில், நீள்சதுரமாக வெட்டினாற்போல, ஒரு துண்டு நிலம் மட்டும் ஆரஞ்சு நிறத்தில் அடர்ந்து கிடந்தது.

"அதுவா?"

"அதுதான்."

"அது எங்க காடு. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி வீட்டுக்காரர்தான் கழுத பூட்டி உழுதாரு, கோதும போடலாம்னு. மழ ஏமாத்திருச்சு. அப்படியே போட்டுட்டாரு. அந்தப் பூ உழுது போட்ட மண்ணுலதான் அப்படித் திரண்டு வரும். உழாத மண்ணுல அங்கொண்ணு இங்கொண்ணுதான்."

எல்சபேவுக்கு இது புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் நின்ற இடத்திலேயே பாதைக்கு வெளியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு, குரல் வராமல், தோள் குலுங்க அழுதாள். மதினி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த அழுகை யாருடையதோ போலத் தெரிந்ததாம். தான் செய்ய வேண்டிய ஒரு வேலையை வேறு யாரோ வந்து செய்துகொண்டிருப்பது போல.

கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து அவள் கையைப் பிடித்தாள். "எந்திரிங்கம்மா. பூ மேல உக்காந்திருக்கீங்க."

அவர்கள் கீழே வந்தபோது மணி ஒன்று. எல்சபேயின் பாவாடையின் பின்பக்கம் முழுக்கப் பூவின் மஞ்சள் பொடி. நான் டீயைப் போட்டு மதினிக்கு மட்டும் ஒரு கோப்பை வைத்தேன். மதினி அதை எடுத்து எல்சபேயிடம் கொடுத்துவிட்டு, தனக்கு இன்னொன்று ஊற்றிக்கொண்டாள்.

"நான் போலீஸ்ல போய் நடந்தத எழுதிக் குடுக்கப் போறேன்" என்றாள் எல்சபே. என்னையும் பார்த்துத்தான் சொன்னாள். "அதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லிடணும்னு வந்தேன்."

"ஒரு வருசம் தூங்கிட்டு இருந்தீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அடக்க முடியவில்லை. "எங்கண்ணன் மண்ணுக்குள்ள போய் ஒரு வருசமாச்சு. இப்ப வந்து எழுதிக் குடுக்கறாங்களாம்."

"சன்னா" என்றாள் மதினி.

"நீ சும்மா இரு மதினி. உனக்குத்தான் ஒண்ணும் இல்ல. எனக்கு இருக்கு."

இதைச் சொன்னதும் எனக்கே குத்தியது. மதினி முகம் மாறவில்லை. எல்சபே கோப்பையைக் கீழே வைத்தாள். "நான் வேற என்ன செய்யணும்? சொல்லுங்க, செய்யறேன்" என்று மதினியைக் கேட்டாள்.

"எழுதிக் குடுக்கறதுன்னா குடுங்க. குடுக்கலன்னாலும் சரி. போற வழியில செம்மறியாடு குறுக்க வரும், மெதுவாப் போங்க."

எல்சபே எழுதிக் கொடுத்துவிட்டாள். அக்டோபர் கடைசியில் ஒரு போலீஸ்காரர் வந்து, வழக்கைத் திரும்ப எடுத்திருக்கிறார்கள், நவம்பரில் வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். மதினி போகவில்லை. நான் போனேன். எல்சபே இந்தப் பக்கத்து பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் அந்தப் பக்கம். இப்போது அவர்கள் ஒரே வீட்டில் இல்லை என்று பின்னால் தெரிந்தது. அன்றைக்கு வழக்கைத் தள்ளி வைத்தார்கள். அடுத்த முறையும் போனேன், அப்போதும் தள்ளி வைத்தார்கள். இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் வந்து நடந்ததைச் சொல்வேன். மதினி கேட்டுக்கொள்வாள். ஒரு முறை, "அந்தம்மா சாப்பிட்டுச்சா?" என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன்.

பூக்காலம் முடிந்து மலை பழுப்பாகிவிட்டது. பாதையைச் சங்கிலி போட்டுப் பூட்டினோம். மதினி ஆடுகளோடு கிடைக்குப் போய்விட்டாள். மேலே மரக்கம்பை வளைத்துப் பாய் போர்த்திய வீட்டில் தனியாக இருந்தாள். வாரம் ஒருமுறை நான் மாவும் சீனியும் கொண்டுபோவேன். போனால் உட்கார்ந்திருப்போம்.

டிசம்பரில் பல் டாக்டர் வண்டி எங்கள் பக்கம் வந்தது. வருடத்துக்கு ஒரு தடவைதான் வரும். மதினிக்குக் கடைவாய்ப் பல் இரண்டு சொத்தை, தாடை வீங்கியிருந்தது. அதையும் அவள் சொல்லவில்லை, நானாகப் பார்த்துத்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். பள்ளிக்கூட மைதானத்தில் ஊரே வரிசையில் நின்றது. வாய் மரத்துப்போக ஊசி போட்டு இரண்டு பல்லையும் பிடுங்கி, பஞ்சை வைத்து அனுப்பிவிட்டார்கள். மரத்தடியில் உட்கார வைத்தேன். டாக்டர் இரண்டு மணி நேரம் ஒன்றும் சாப்பிடக்கூடாது என்று சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. யாரோ நீட்டிய டீயை வாங்கி ஒரு வாய் குடித்தாள். அது வாயோரமாக ஒழுகி, கழுத்தில் இறங்கி, சட்டைக்குள் போய்விட்டது. அவளுக்குத் தெரியவே இல்லை. இன்னொரு வாய் குடித்தாள். அதுவும் ஒழுகியது.

"மதினி, டீ எல்லாம் உள்ள போகாம வெளிய போகுது!" என்றேன்.

குனிந்து சட்டையைப் பார்த்தாள். பிறகு ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். ஒரு பக்க உதடு அசையவில்லை. "ஈ... ஈஹாக்" என்று வந்தது. மறுபடி முயன்றாள். "ஈஹாக் இதப் பாத்தா..."

ஒரு வருடத்துக்கு மேல் அவள் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்கவில்லை. "வீட்டுக்காரர்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பாத்தா என்ன சொல்லுவான்?" என்று கேட்டேன்.

"கழுத... கழுதகூட ஒழுங்காக் குடிக்கும்பாரு" என்றாள். ஒரு பக்க வாயால் சொன்னது பாதிதான் புரிந்தது. சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். உதடு ஒரு பக்கம் மட்டும் மேலே போனது. மறுபக்கத்தில் பஞ்சு எட்டிப் பார்த்தது. வரிசையில் நின்றவர்களும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவ்வளவுதான் நடந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் பழையபடி ஆகிவிட்டாள். சட்டையைப் பிழிந்து உதறினாள். "ஆடு தனியாக் கெடக்குது" என்று சொல்லி எழுந்தாள். நான் ஒரு கிலோ மீட்டர் வரைக்கும் கூடவே நடந்து போய் விட்டுவிட்டு வந்தேன்.